ஆறு எஞ்சின்களுக்குத் திருநீறு பூசியவனின் மனு

அனுப்புநர்:
சச்சிதானந்தன் கேதீஸ்வரன்,
17, கூரிங்கல் வீதி,
வென்ட்வேர்த்வில்,
நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
நுகர்வோர் முறைப்பாட்டுப் பணியகம்,
சிட்னி.

விடயம்: மெரிண்டா 1600 கார்களின் எஞ்சின் குறைபாடு தொடர்பான கூட்டு இணக்கத்திலிருந்து ஆறு உரிமையாளர்கள் நீக்கப்பட்டமையும், அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட வாக்குமூலம் பிழையானது என்பதும், அதை எழுதியவன் நானே என்பதும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

முறைப்பாடுகளை அவரவர் சொந்த மொழியில் எழுதலாம், பணியகமே மொழிபெயர்த்துக்கொள்ளும் என்று தங்கள் அறிவித்தலில் கண்டேன். எனக்கு ஆங்கிலம் எழுத வரும். இந்த விவகாரத்தின் முதற் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதியவனும் நான்தான். அதனால் வந்த வினையைத்தான் கீழே சொல்லப்போகிறேன். இம்மனுவைத் தங்களுக்கு அனுப்புமுன் சம்பந்தப்பட்டவர்கள் வாசிக்கவேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். சிட்னியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இது என்னைத் தெரிந்த ஒருவர் கையிலேயே போய்ச் சேரக்கூடும். சேரட்டும்.

1. நான் இலங்கை, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். அங்கே பஸ் டிப்போ ஒன்றில் பதினொரு வருடம் எஞ்சின் பகுதியில் போமனாக, அதாவது மேற்பார்வையாளனாக, வேலை பார்த்தேன். 1974ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்தேன். பரமட்டாவில் மெரிண்டா கார்களை விற்றுப் பழுதுபார்க்கும் கராஜ் ஒன்றில் முதலில் உதிரிப்பாகக் களஞ்சியத்திலும், 1977 கடைசியிலிருந்து வாடிக்கையாளர் மேசையிலும் கடமையாற்றி வருகிறேன். கராஜின் பெயரும் கம்பனியின் பெயரும் இணைப்பு 1இல் உள்ளன.

2. எங்கள் பகுதியில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் இருபதுகூட இல்லை. புதுக் கார் வாங்க நினைத்த எவரும் முதலில் என்னிடம்தான் வந்தார்கள். எஞ்சின் தெரிந்த ஆள், கராஜிலேயே வேலை செய்கிற ஆள், நம்மட ஆள். மெரிண்டாவை வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொன்னேன். ஐந்து குடும்பங்கள் வாங்கின. நானும் ஒன்று வாங்கினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கவில்லை. அந்த நாட்களில் என் சொல்லுக்கு இருந்த மதிப்பு எனக்கே கொஞ்சம் தலைக்கேறியிருந்தது.

3. புதுக் காருக்குப் பூசை செய்வது எங்கள் வழக்கம். இங்கே கோயில் இல்லை, ஐயரும் இல்லை. எனக்கு நாலு தேவாரம் மனப்பாடம் என்பதால் அந்த வேலையும் என் தலையில் வந்தது. 1977 ஜனவரி 16ஆம் திகதி, பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆறு கார்களும் என் வீட்டு முற்றத்திலும் வீதியோரத்திலுமாக நின்றன. சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கினோம். கற்பூரம் காட்டினோம். எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ஒரு தட்டில் பொங்கல் கொடுத்தோம்.

திருநீறும் சந்தனமும் ஸ்ரியரிங்கிலும் முன்கண்ணாடியிலும் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. பொனற்றைத் திறந்து எஞ்சினுக்கும் பூசவேண்டும் என்று சொன்னது என் புத்தி. காரை ஓட்டுவது எஞ்சின்தானே, அதற்கு வைக்காமல் கண்ணாடிக்கு வைத்து என்ன பயன் என்று எல்லோருக்கும் முன்னால் பெரிய விளக்கம் கொடுத்தேன். அப்படியே ஆறு கார்களிலும் காற்று வடிகட்டியின் உலோக மூடியில், வெளிப்புறத்தில், மூன்று விரலால் மூன்று குறி இழுத்தேன். இழுத்த கை என்னுடையது. உரிமையாளர்கள் ஒருவரும் எஞ்சினைத் தொடவில்லை. இதைத் தாங்கள் அடிக்கோடிட்டு வாசிக்கவேண்டும் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

4. அந்த ஐந்து பேரில் ஒருவர் திருமதி சிவபாலன் யோகராணி. பரமட்டா வைத்தியசாலை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறார். கணவர் விசாவுக்காக இன்னும் யாழ்ப்பாணத்தில் காத்திருக்கிறார். ஆறு வயது மகளுடன் இங்கே தனியாக இருக்கிறார். காலை ஏழு மணி வேலைக்குப் போகுமுன் பிள்ளையை ருங்காபியில் ஒரு வீட்டில் விட்டுப் போகவேண்டும். ரயிலில் அது முடியாத காரியம். அதற்காகவே கடன் எடுத்துக் கார் வாங்கினார்.

1978 மார்ச் 9ஆம் திகதி காலை, மழையில், நெடுஞ்சாலை நடுவில் அவருடைய எஞ்சின் இறுகி நின்றது. பின்னால் வந்த லொறி மயிரிழையில் தப்பி விலகியது. பிள்ளை பின்சீற்றில் இருந்தது. அவர் தொலைபேசியில் முதலில் அழைத்தது கராஜை அல்ல, என்னை. "அண்ணை, கார் நிண்டிட்டுது. நீங்கள் இருக்கிறபடியால் எனக்குப் பயமில்லை" என்றார். நான் இழுவை வண்டி அனுப்பி, பயப்பட வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

5. மறுநாள் எஞ்சினைப் பிரித்தார்கள். ஒயில் தேங்கும் அடித்தட்டில் சாம்பல் நிறத் தூள் ஒரு கரண்டி அளவுக்குப் படிந்திருந்தது. அது ஒயில் போகும் வழிகளை அடைத்து, பெயரிங்குகளை அரைத்து, எஞ்சினை இறுக்கியிருந்தது. மெல்பேர்ணிலிருந்து கம்பனியின் பரிசோதகர் ஒருவர் வந்திருந்தார். அவர் காற்று வடிகட்டியின் மூடியைப் பார்த்தார். பதினான்கு மாதத்துக்குப் பிறகும் மூன்று வெள்ளைக் குறிகள் மங்கலாகத் தெரிந்தன. இது என்ன என்று கேட்டார். மெக்கானிக்மார் சிரித்தார்கள். ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

நான் விளக்கினேன். எங்கள் சமயத்தில் புது வாகனத்துக்குப் புனிதச் சாம்பல் பூசுவது வழக்கம் என்றேன். யார் பூசியது என்று அவர் கேட்டபோது, "நான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை பேர் சிரித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் எஞ்சின் போமன் ஒருவன் தான்தான் எஞ்சினுக்குச் சாம்பல் பூசினேன் என்று எப்படிச் சொல்வான்? "அவர்கள் பூசுவார்கள்" என்றேன். ஐயா, அந்த "அவர்கள்" என்ற ஒரு சொல்லில்தான் இத்தனையும் தொடங்கியது. நானும் சேர்ந்து கொஞ்சம் சிரித்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

6. அன்று பிற்பகல் முகாமையாளர் என்னை உள்ளே கூப்பிட்டு, சொன்னதை எழுத்தில் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். "உரிமையாளர் சமயச் சடங்கின் பொருட்டு எஞ்சினில் சாம்பல் தூள் இட்டுள்ளார்" என்பது அதன் சாரம். அடுத்த நாள் பரிசோதகரின் அறிக்கை வந்தது. அடித்தட்டில் கிடந்த தூள் உரிமையாளர் இட்ட சாம்பலே, ஆகவே கம்பனிக்குப் பொறுப்பில்லை என்று அதில் இருந்தது. கீழே என் கடிதம் இணைக்கப்பட்டிருந்தது.

எஞ்சின் தெரிந்த எவருக்கும் இது அபத்தம் என்று விளங்கும். மூடிக்கு வெளியே பூசிய திருநீறு அடித்தட்டுக்குப் போக வழியே இல்லை. வீட்டுக் கூரைக்கு அடித்த சுண்ணாம்பு கிணற்றுத் தண்ணீரில் கலக்குமா? அந்தத் தூள் வார்ப்பு மணல். எஞ்சின் கட்டையை மணல் அச்சில் ஊற்றி வார்க்கிறார்கள்; பிறகு உள்வழிகளை நன்றாகக் கழுவவேண்டும். கழுவாமல் விட்டால் மணல் உள்ளேயே தங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலில் இறங்கும். இது எனக்கு மார்ச் மாதமே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

7. அறிக்கையுடன் உரிமையாளரின் கையெழுத்துப் படிவம் ஒன்றும் தேவைப்பட்டது. முகாமையாளர் அதை என்னிடமே தந்து, உங்கள் மக்கள்தானே, நீங்களே வாங்கி வாருங்கள் என்றார். நான் யோகராணி வீட்டுக்குப் போனேன். அவர் குசினியில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாசிக்கவோ, அண்ணை?" என்று கேட்டார். இது வெறும் சம்பிரதாயம், கையெழுத்தைப் போடுங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன் என்றேன். "நீங்கள் சொன்னாச் சரி" என்று கதிரையின் கையில் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். தான் எஞ்சினில் தூள் இட்டதாகவும், கம்பனியிடம் எதையும் கோரப்போவதில்லை என்றும் அதில் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு, தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தேன்.

8. இரண்டு வாரம் கழித்துக் கம்பனியின் மறுப்புக் கடிதம் யோகராணிக்குப் போனது. ஒரு மாலை அவர் பிள்ளையுடன் என் வீட்டுக்கு வந்தார். சண்டை பிடிக்க வருகிறார் என்று நினைத்து மனைவி ரஞ்சினியை முன்னுக்கு விட்டு நான் பின்னுக்கு நின்றேன். அவர் சண்டை பிடிக்க வரவில்லை. ஒரு பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்திருந்தார். "சாம்பல் பூசினதாலை எஞ்சின் பழுதாப் போச்செண்டு எழுதியிருக்கினம். நான் அதைத் துடைச்சு விட்டிருக்க வேணும். என்னாலை உங்கட வேலைக்கு ஒரு கரைச்சல் வந்திடக் கூடாது, அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

நான் பரவாயில்லை என்றேன். ஆம் ஐயா, அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் மன்னித்தேன். அவர் போன பிறகு பணியாரமும் சாப்பிட்டேன். அன்றைக்குப் பிறகு அவர் தன் வீட்டுச் சாமிப் படத்துக்கு முன் விளக்கேற்றுவதில்லை என்று ரஞ்சினி மூலம் அறிந்தேன். நடுவீதியில் பிள்ளையோடு நின்றது தன் பிழையால் என்று நினைக்கிறார். காலை வேலையை விட்டுவிட்டு வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் போகிறார். கார் முற்றத்தில் தார்ப்பாயால் மூடிக் கிடக்கிறது. அதற்குரிய தவணையைத் தொடர்ந்து கட்டுகிறார்.

9. (இப்பந்தி கோடு கிழித்து நீக்கப்பட்டுள்ளது. காரணம் மனுவின் இறுதியில் உள்ளது.)

10. இவ்வருடம் மெரிண்டா உரிமையாளர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர் சேர்ந்து தங்கள் பணியகத்தில் முறையிட்டதும், தங்கள் முன்னிலையில் கம்பனி இணக்கத்துக்கு வந்ததும் பத்திரிகையில் பார்த்தேன். 1976 ஒக்டோபருக்கும் 1977 மார்ச்சுக்கும் இடையில் வாங்கிய அத்தனை கார்களுக்கும் புது எஞ்சின் தருவதாகக் கம்பனி ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் நாலாவது நிபந்தனை, உரிமையாளரே தூள் இட்டுப் பழுதாக்கிய கார்களை விலக்குகிறது. விலக்கப்பட்ட பட்டியலில் ஆறு பெயர்கள் உள்ளன. ஆறும் தமிழ்ப் பெயர்கள். ஆறு பேருக்கும் எழுதிய மறுப்புக் கடிதத்தில் நான் மார்ச்சில் எழுதிய அதே வசனம் ஒரு சொல் மாறாமல் இருக்கிறது.

ஐந்து பேர் என் பூசைக்கு வந்தவர்கள். ஆறாமவர் ஹோம்புஷில் வசிக்கும் கணித ஆசிரியர் திரு. அருளப்பு சவிரிமுத்து. அவர் கத்தோலிக்கர். பூசையன்று அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. காரை வேறோர் இடத்தில் வாங்கி, பழுதுபார்க்க மட்டும் எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தவர். அவர் சென்ற மாதம் கடிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "விபூதிப் புதன் அண்டைக்குச் சுவாமியார் என்ரை நெத்தியிலைதான் சாம்பல் பூசுறவர். எஞ்சினிலை ஆர் பூசினது? உதை எழுதின ஆளை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்டார். அவர் நல்ல உயரம், குரலும் பெரியது. நான் கோவையைப் புரட்டுவதுபோல் புரட்டி, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இம்மனுவின் ஒரு பிரதி அவருக்கும் போகிறது.

திருநீறே காணாத காரிலும் அதே தூள் கிடந்தது. கம்பனி எஞ்சினைப் பார்த்து முடிவு செய்யவில்லை, பெயரைப் பார்த்து முடிவு செய்தது. பெயரைப் பார்க்கும் வழியைக் காட்டிக் கொடுத்தவன் நான்.

11. இவ்வளவு எழுதியும் ஒன்றைச் சொல்லாமல் ஒத்திப்போட்டு வந்தேன். இனிப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். ஆறாவது மெரிண்டா என்னுடையது என்று இரண்டாம் பந்தியில் குறிப்பிட்டேன். அதன் மூடியிலும் அதே நாளில், அதே கையால், அதே திருநீற்றுப் பெட்டியிலிருந்து மூன்று குறி இழுத்தேன். யோகராணியின் எஞ்சின் நிற்பதற்கு ஒரு மாதம் முன்பு, 1978 பெப்ரவரி 7ஆம் திகதி, என் எஞ்சினும் இறுகியது. எங்கள் கராஜிலேயே பிரித்தோம். அதே சாம்பல் நிறத் தூள். வேலைப் பதிவு அட்டையில் காரணம் "வார்ப்பு மணல், உற்பத்திக் குறை" என்று எழுதப்பட்டது. எழுதியவன் நான், ஒப்பமிட்டவர் முகாமையாளர். எனக்குப் புது எஞ்சின் பூட்டித் தந்தார்கள். என் மூடியிலிருந்த குறிகளைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகவே மார்ச் மாதம் பரிசோதகர் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். அந்தப் புது எஞ்சினில்தான் யோகராணியின் கையெழுத்தை வாங்கவும் போய் வந்தேன்.

12. இத்துடன் என் வேலைப் பதிவு அட்டையின் பிரதியையும், மார்ச்சில் நான் எழுதிய கடிதத்தின் பிரதியையும், இரண்டு சிறு போத்தல்களையும் இணைக்கிறேன். ஒன்றில் யோகராணியின் எஞ்சினிலிருந்து நான் எடுத்து வைத்த தூள். மற்றதில் அன்றைய பெட்டியில் மிஞ்சிய திருநீறு. இரண்டையும் தனித்தனியே ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். முதலாவது கண்ணாடியைக் கீறும். இரண்டாவது விரலில் ஒட்டும், அவ்வளவுதான். என் பழைய எஞ்சின் கட்டை வீட்டுக் கொட்டிலில் சாக்கால் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. தங்கள் பணியகத்தார் எப்போது வந்தாலும் காட்டுவேன். அதை ஏன் எறியாமல் வைத்திருந்தேன் என்று ரஞ்சினி பலமுறை கேட்டாள்.

ஆகவே ஐயா, தாங்கள் தயவுகூர்ந்து:

(அ) 1978 மார்ச் 10ஆம் திகதி நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் பிழையானது என்று பதிவு செய்து, அதை ஆதாரமாகக் கொண்ட ஆறு மறுப்புகளையும் இரத்துச் செய்யும்படி கம்பனியைப் பணிக்கவேண்டும்;

(ஆ) திருமதி யோகராணியின் கையெழுத்து, படிவத்தின் உள்ளடக்கம் அவருக்குச் சொல்லப்படாமல் என்னால் பெறப்பட்டது என்பதால், அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்மானிக்கவேண்டும்;

(இ) ஆட்சேபனைக்கான கடைசி நாள் இம்மாதம் 31ஆம் திகதி என்பதால், அதற்குமுன் ஆறு பெயர்களையும் இணக்கப் பட்டியலில் சேர்க்கவேண்டும்;

(ஈ) எஞ்சின் பழுதுக்கு அவருடைய செயல் எதுவும் காரணமல்ல என்று திருமதி யோகராணிக்குத் தங்கள் முத்திரையுடன் ஒரு கடிதம் எழுதவேண்டும். இம்மனுவில் நான் எழுதிவிட்டேன். ஆனால் என் சொல்லை நம்பித்தான் அவர் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தார்.

இம்மனுவின் பிரதியை இன்று காலை முகாமையாளரின் மேசையில் வைத்துவிட்டேன். தொடர்ந்து எனக்கு வேலை இருக்குமா என்பது தெரியாது. விசாரணைக்கு எந்த நாளில் கூப்பிட்டாலும் வருவேன்.

கடைசியாக, ஒன்பதாம் பந்தி பற்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை இம்மனுவை யோகராணி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மார்ச் மாதம் உட்கார்ந்த அதே கதிரையில் இருந்தேன். இம்முறை வாசியுங்கோ என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பந்தியாக வாசித்தார். முக்கால் மணி நேரம் சென்றது. ஐந்தாம் பந்தியில் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏழாம் பந்தியை இரண்டு முறை வாசித்தார். தேத்தண்ணி தரவில்லை.

ஒன்பதாம் பந்தியில் என் நிலைமையை எழுதியிருந்தேன். மேசை வேலை கிடைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தது, வீட்டுக் கடன் இருந்தது, ரஞ்சினிக்கு அப்போது ஏழாம் மாதம், அந்த மேசையில் வெள்ளையல்லாத ஆள் நான் ஒருவன்தான், வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும் என்றெல்லாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் அதைக் கடைசிவரை வாசித்தார். பிறகு பேனை கேட்டார். "இது உங்கட சாட்டு. இது ஆணையாளருக்குத் தேவையில்லை, அண்ணை" என்று சொல்லி, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். அதன் பிறகு எஞ்சிய பந்திகளையும் வாசித்து, சாட்சி எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று கேட்டார்.

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய எஞ்சினைத்தான் கேட்கிறேன், ஐயா.

இடம்: வென்ட்வேர்த்வில்
திகதி: 23 ஒக்டோபர் 1978

பூசியவனும் எழுதியவனுமாகிய,
ச. கேதீஸ்வரன்

சாட்சி:
முழுவதையும் வாசித்த பிறகே கையெழுத்திடுகிறேன்.
சி. யோகராணி